உஷார்! செல்லுபடியாகும் கையொப்பத்தோடு உள்ளே வருகிறார்கள்

2022 ஜூலை மாதக் கடைசி. ஓர் அலுவலகத்தின் கணினிகளில் ரேன்சம்வேர் புகுந்தது. அங்கே பாதுகாப்பு மென்பொருள் இருந்தது; அதை ஒழுங்காகவே அமைத்தும் இருந்தார்கள். ஆனால் கோப்புகள் பூட்டப்படும் நேரத்தில் அது செத்துக் கிடந்தது. ட்ரெண்ட் மைக்ரோ என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்தார்கள். பாதுகாப்பு மென்பொருளை நிறுத்தப் பயன்பட்ட ஆயுதம், கென்ஷின் இம்பாக்ட் என்ற பிரபலமான கேமுடன் வரும் எம்எச்ஒய்பிராட்2 என்ற டிரைவர். ஏமாற்றி ஆடுகிறவர்களைக் கண்டுபிடிப்பதற்காக கேம் நிறுவனமே சேர்த்த சிறு மென்பொருள் அது. செல்லுபடியாகும் டிஜிட்டல் கையொப்பம் அதில் இருந்தது.

இந்தத் தாக்குதலுக்கு அந்தக் கணினியில் கேம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. டிரைவர் கோப்பை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு வந்து இறக்கினால் போதும். விண்டோஸ் கையொப்பத்தைச் சரிபார்த்தது, சரியாக இருந்தது, கணினியின் உச்ச அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டது.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்கள் கணினியிலும் இது நடக்க முடியும். கையொப்பமிட்ட நிரல்கள்தான் இயங்குதளத்தின் மையமான கெர்னலைத் தொடலாம் என்ற விதி ஒன்று இருக்கிறது, அது நம்மைக் காக்கும் என்று கோடிக்கணக்கானோர் நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்த விதி தேவையானதுதான். அது இல்லாத காலத்துக்குத் திரும்பிப் போக நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் அது தராத உத்தரவாதத்தைத் தருவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நினைப்பைத்தான் பல ஆண்டுகளாக ரேன்சம்வேர் கும்பல்களும் நாடுகளின் உளவுக் குழுக்களும் பயன்படுத்திக்கொண்டிருக்கின்றன.

முதலில் கெர்னல் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். நினைவகம், வட்டு, வலைத்தொடர்பு, எந்த நிரல் எப்போது ஓடவேண்டும் என்பது எல்லாம் அதன் கையில். நீங்கள் திறக்கும் பிரவுசரோ டாலியோ வேர்டோ எதையும் நேரடியாகத் தொடுவதில்லை. கெர்னலிடம் கேட்டுத்தான் வாங்கிக்கொள்கின்றன. கிராஃபிக்ஸ் கார்டு, ஆன்டிவைரஸ் போன்றவற்றுக்கு மட்டும் கெர்னலுக்குள்ளேயே ஓடும் துணை நிரல்கள் வேண்டியிருக்கின்றன. அவைதான் டிரைவர்கள். கெர்னலுக்குள் வந்துவிட்ட டிரைவர்களுக்கிடையே பெரியது சிறியது இல்லை. கேபினட்டுக்குள் சுழலும் விசிறியின் வண்ண விளக்கை மாற்றும் டிரைவருக்கும், வங்கி ஒன்றின் பாதுகாப்பு டிரைவருக்கும் ஒரே அதிகாரம். விளக்கு டிரைவரில் ஓட்டை இருந்தால் முழுக் கணினியிலும் ஓட்டை.

யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் உள்ளே ஏற்றிவிட முடிந்த காலத்தில் ரூட்கிட்கள் என்ற, கெர்னலுக்குள் ஒளிந்துகொள்ளும் தீய நிரல்கள் கொழித்தன. அதனால் 2007-இல் விற்பனைக்கு வந்த 64 பிட் விஸ்டா முதல், கையொப்பமில்லாத டிரைவரை விண்டோஸ் கெர்னலுக்குள் விடுவதில்லை. 2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து விதி இன்னும் இறுகியது. புதிய டிரைவர் என்றால் தயாரிப்பாளரின் கையொப்பம் மட்டும் போதாது; மைக்ரோசாஃப்டிடம் சமர்ப்பித்து அதன் கையொப்பத்தையும் வாங்கவேண்டும்.

கையொப்பம் என்பது கணக்குதான். கோப்பின் ஏறக்குறைய ஒவ்வொரு பிட்டையும் வைத்து ஒரு சுருக்க எண் கணக்கிடுவார்கள். தயாரிப்பாளர் தன் ரகசியச் சாவியால் அதை முத்திரையிடுவார். பொதுச் சாவி வைத்திருக்கும் எவரும் அதைச் சரிபார்க்கலாம். கோப்பைத் திருத்தினால் கணக்கு பொய்க்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கெஜட்டட் அதிகாரியிடம் மதிப்பெண் பட்டியல் நகலைக் கொண்டுபோய் அட்டஸ்டேஷன் வாங்கியவர்களுக்கு இது புரியும். இந்த நகல் அசலோடு ஒத்துப்போகிறது என்பதற்குத்தான் அவர் பச்சை மையில் கையெழுத்திடுகிறார். வந்த ஆள் நாளைக்கு அலுவலகத்தில் கையாடல் செய்யமாட்டார் என்பதற்கு அவர் பொறுப்பில்லை. டிரைவரின் கையொப்பமும் அப்படித்தான்: இதை இன்னார் வெளியிட்டார், வெளியிட்ட பிறகு யாரும் மாற்றவில்லை. அவ்வளவே. உள்ளே ஓட்டை இல்லை என்று அது சொல்லவில்லை.

ஹேக்கர் ஏற்கெனவே அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையைப் பிடித்துவிட்டால் அப்புறம் கெர்னல் எதற்கு என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம். ஆன்டிவைரஸ் போன்ற மென்பொருள்களை விண்டோஸ் தனிப் பாதுகாப்புடன் ஓடவிடுகிறது. அட்மினிஸ்ட்ரேட்டரே முயன்றாலும் டாஸ்க் மேனேஜரில் அவற்றை நிறுத்த முடியாது. எந்த நிரல் புதிதாகத் தொடங்குகிறது, எந்தக் கோப்பு திறக்கப்படுகிறது என்ற தகவலும் கெர்னல் வழியாக அவற்றுக்கு உடனுக்குடன் போகிறது. இந்தக் கண்களைக் குருடாக்க வேண்டுமானால் கெர்னலுக்குள் கை நீள வேண்டும். அதற்குத்தான் டிரைவரைத் தேடுகிறார்கள்.

அட்மினிஸ்ட்ரேட்டரிடமிருந்து கெர்னலுக்குப் போகும் அந்தத் தாவலைப் பாதுகாப்பு எல்லை மீறலாக மைக்ரோசாஃப்ட் தன் கொள்கையில் கருதுவதில்லை. அட்மினிஸ்ட்ரேட்டர் எப்படியும் எல்லாம் செய்யக்கூடியவர்தானே என்பது அவர்கள் வாதம். ஏட்டளவில் அது சரியாக இருக்கலாம். களத்தில், பாதுகாப்பு மென்பொருளுக்கு உயிரா சாவா என்பதே அந்த எல்லையில்தான் தீர்மானமாகிறது. இந்த வாதத்துக்கு நாம் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்றே நான் நினைக்கிறேன். விண்டோஸோடு சேர்ந்தே வரும் ஆப்லாக்கர் வசதியின் டிரைவரில் இருந்த ஓட்டையை வட கொரியாவோடு தொடர்புள்ள லாசரஸ் குழு பயன்படுத்திக்கொண்டிருந்தது. அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2023 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டிடம் அதைச் சொன்னார்கள். திருத்தம் வந்தது 2024 பிப்ரவரியில்.

கையொப்ப விதியைத் தாண்டும் முதல் வழி திருட்டு. 2010-இல் ஈரானின் நடான்ஸ் யுரேனியம் செறிவூட்டல் கூடத்துச் சென்ட்ரிஃப்யூஜ்களைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு நினைவிருக்கும். அதன் டிரைவர்களில் ரியல்டெக் நிறுவனத்தின் உண்மையான கையொப்பம் இருந்தது. ரகசியச் சாவி களவு போயிருந்தது. 2010 ஜூலை 16 அன்று அந்தச் சாவிக்குரிய சான்றிதழை ரத்து செய்தார்கள். அடுத்த நாளே ஜேமைக்ரான் என்ற இன்னொரு நிறுவனத்தின் கையொப்பத்தோடு அடுத்த டிரைவரை ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. இரண்டு நிறுவனங்களுக்கும் தைவானின் ஹிசின்சு அறிவியல் பூங்காவில்தான் அலுவலகம். ஈரானுக்குச் செய்த அந்தப் புழு ஈரானோடு நிற்கவுமில்லை. சைமன்டெக் எடுத்த கணக்கில், பாதிக்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கையில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து மூன்றாவது இடத்தில் இருந்தது இந்தியா.

அதன் பிறகாவது சாவிகளைப் பத்திரப்படுத்தினார்களா? 2022-இல் லாப்சஸ் என்ற கும்பல் என்விடியாவுக்குள் புகுந்து அள்ளியதில் கையொப்பச் சாவிகளும் இருந்தன. அந்தச் சான்றிதழ்கள் இரண்டும் ஏற்கெனவே காலாவதியானவை. ஒன்று 2014-இல், மற்றது 2018-இல். ஆனாலும் அவற்றால் கையொப்பமிட்ட டிரைவரை விண்டோஸ் ஏற்றுக்கொண்டது. கசிந்த சில நாட்களிலேயே தீய நிரல்கள் அந்தக் கையொப்பத்தோடு வெளியே வந்தன.

இரண்டாவது வழி, கையொப்பமிடும் இடத்திலேயே போய் நிற்பது. 2021-இல் நெட்ஃபில்டர் என்ற ரூட்கிட்டை ஜி டேட்டா நிறுவனம் கண்டுபிடித்தது. அதில் இருந்தது மைக்ரோசாஃப்டின் கையொப்பமேதான். யாரும் திருடவில்லை. டிரைவரை முறைப்படி சமர்ப்பித்தார்கள், சோதனையைக் கடந்தது, கையொப்பம் கிடைத்தது. 2022 டிசம்பரில் இதே வேலை ரேன்சம்வேர் கும்பல்களுக்காக நடந்துகொண்டிருப்பதை மான்டியன்ட், சென்டினல்ஒன், சோஃபோஸ் என்ற மூன்று பாதுகாப்பு நிறுவனங்களும் அம்பலப்படுத்தின. பல டெவலப்பர் கணக்குகளை மைக்ரோசாஃப்ட் முடக்கியது. அத்தோடு முடிந்ததா? 2023 ஜூலையில் சோஃபோஸ் எடுத்துவைத்த பட்டியலில் 133 தீய டிரைவர்கள். அவற்றில் 100 மைக்ரோசாஃப்டே கையொப்பமிட்டுக் கொடுத்தவை!

அதே 2023 ஜூலையில் சிஸ்கோவின் டாலோஸ் குழு வேறொரு குறுக்குவழியைக் காட்டியது. பழைய சாதனங்கள் நின்றுவிடக்கூடாது என்பதற்காக விண்டோஸ் ஒரு சலுகை வைத்திருக்கிறது. 2015 ஜூலை 29-க்கு முன் வழங்கப்பட்ட சான்றிதழால் கையொப்பமிட்ட டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பம் வேண்டாம். கசிந்த பழைய சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால், கையொப்பமிட்ட தேதியைப் பின்னோக்கித் தள்ளிப் போலியாக்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைத்தன. நேற்று எழுதிய தீய நிரல், 10 ஆண்டுகளுக்கு முன் எழுதியதுபோல நடித்து உள்ளே போனது.

ஆனால் இன்றைக்கு நாம் அதிகம் பயப்பட வேண்டியது இந்த இரண்டுக்கும் இல்லை. திருடவும் வேண்டாம், ஏமாற்றிக் கையொப்பம் வாங்கவும் வேண்டாம், நல்ல நிறுவனம் நல்லெண்ணத்தோடு எழுதிய ஓட்டை டிரைவரே போதும் என்பதுதான் மூன்றாவது வழி. எம்எச்ஒய்பிராட்2 அந்த ரகம்.

ராபின்ஹுட் ரேன்சம்வேரைப் பாருங்கள். 2019 மே மாதம் அமெரிக்காவின் பால்டிமோர் நகராட்சியை முடக்கியது இந்தக் குடும்பம். நகருக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 1.8 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். 2020 பிப்ரவரியில் இதே ராபின்ஹுட்டின் தாக்குதல்களில் ஒரு புதுத் தந்திரத்தை சோஃபோஸ் பார்த்தது. மதர்போர்டு தயாரிக்கும் கிகாபைட் நிறுவனத்தின் பழைய டிரைவரை முதலில் இறக்கினார்கள். கெர்னல் நினைவகத்தில் விரும்பிய இடத்தில் விரும்பியதை எழுத அதில் வழி இருந்தது. அந்த வழியாகப் போய், கையொப்பச் சோதனை வேண்டுமா வேண்டாமா என்று விண்டோஸ் குறித்து வைத்திருக்கும் ஒரே ஒரு மாறியை மாற்றினார்கள். சோதனையே நின்றுபோனது. பிறகு கையொப்பமில்லாத தங்கள் சொந்த டிரைவரை ஏற்றி, பாதுகாப்பு மென்பொருள்களை ஒவ்வொன்றாகக் கொன்றார்கள். கையொப்ப விதியை அணைக்கும் வேலையைக் கையொப்பம் பெற்ற நிரலை வைத்தே முடித்துவிட்டார்கள். அந்த ஓட்டை 2018-லேயே பகிரங்கமாகியிருந்தது. கிகாபைட் முதலில் தங்கள் பொருளில் பாதிப்பு இல்லை என்றது. பிறகு அந்த டிரைவரைக் கைவிட்டது. கைவிட்டதால் என்ன? கோப்பும் அதன் கையொப்பமும் அழியவில்லையே.

இதைத்தான் பலர் புரிந்துகொள்வதில்லை. எல்லாவற்றையும் அப்டேட் செய்து வைத்திருக்கிறேன், எனக்கு என்ன ஆகும் என்கிறார்கள். டெல் நிறுவனத்தின் கதை அவர்களுக்குத்தான். அதன் ஃபர்ம்வேர் அப்டேட் கருவிகளோடு 2009 முதல் வந்துகொண்டிருந்த டிபியுடில் என்ற டிரைவரில் 5 ஓட்டைகள் இருப்பதை 2021 மே மாதம் சென்டினல்ஒன் வெளியிட்டது. கோடிக்கணக்கான கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்த டிரைவர். டெல் உடனே திருத்தம் கொடுத்தது. அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் நெதர்லாந்தில் விமானத் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றின் ஊழியருக்கும், பெல்ஜியத்தில் ஓர் அரசியல் பத்திரிகையாளருக்கும் அமேசானில் வேலை என்ற பெயரில் ஆவணங்கள் வந்தன. அனுப்பியது லாசரஸ். ஆவணத்தைத் திறந்த கணினிக்குள் பழைய டிபியுடில் டிரைவரை அவர்களே கொண்டுவந்து வைத்தார்கள். கோப்பு, ரெஜிஸ்ட்ரி, புதிய நிரல்களின் தொடக்கம் முதலியவற்றைக் கண்காணிக்கும் 7 வழிகளை அது அணைத்ததாக ஈசெட் பின்னர் எழுதியது. உங்கள் வீட்டு டிரைவரை நீங்கள் திருத்திக்கொண்டது அங்கே எதற்கும் உதவாது. திருத்தாததை அவர்கள் கையோடு கொண்டுவருகிறார்கள்.

அப்படியானால் அந்த ஓட்டை டிரைவர்களின் கையொப்பத்தை ரத்து செய்தால் தீர்ந்தது என்று தோன்றும். எளிதில்லை. ஒரே சான்றிதழால் நூற்றுக்கணக்கான டிரைவர்களைக் கையொப்பமிட்டிருப்பார்கள். சான்றிதழை ரத்து செய்தால் நல்லவையும் சேர்ந்து சாகும்; வட்டு டிரைவர் ஒன்று அதில் இருந்தால் கணினி எழுந்தே வராது. கணினி பூட் ஆகும் நேரத்தில் இணையமும் இருக்காது, ரத்துப் பட்டியலைக் கேட்டுப் பார்க்க. அதனால் மைக்ரோசாஃப்ட் வேறு வழியை எடுத்தது. ஆபத்தான டிரைவர்களைப் பெயர் சொல்லித் தடுக்கும் பிளாக்லிஸ்ட்.

அந்தப் பட்டியலுக்கு என்ன நேர்ந்தது தெரியுமா? விண்டோஸ் அப்டேட் வழியாக அது தானாகப் புதுப்பிக்கப்படுகிறது என்று சொல்லிவந்தார்கள். 2022-இல் வில் டோர்மன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் சோதித்துப் பார்த்தபோது, விண்டோஸ் 10 கணினிகளில் அது 2019-இலேயே நின்றுபோயிருந்தது. பல்கிப் பெருகிய ரேன்சம்வேர் அலை அடித்த அந்த 3 ஆண்டுகளும் கோடிக்கணக்கான கணினிகளில் பட்டியல் பழசாகவே இருந்தது. திரையில் மட்டும் பாதுகாப்பு இயங்குவதாகத் தெரிந்தது. பிறகுதான் சரிசெய்தார்கள். இப்போதும் பட்டியல் பெரும்பாலும் ஆண்டுக்கு ஓரிரு முறைதான் பெரிதாகப் புதுப்பிக்கப்படுகிறது. ரேன்சம்வேர் கும்பலுக்குப் புதிய டிரைவர் ஒன்றைத் தேடிப் பிடிக்க அவ்வளவு காலம் ஆவதில்லை.

பட்டியலை ஏய்க்கவும் கற்றுக்கொண்டார்கள். ட்ரூசைட் என்ற டிரைவர், ரூட்கிட்களைப் பிடிப்பதற்காகவே எழுதப்பட்ட பாதுகாப்புக் கருவியின் பகுதி. அதன் 2.0.2 என்ற பழைய பதிப்பு, மேலே சொன்ன 2015 சலுகையில் உள்ளே வரும். விண்டோஸ் கோப்பின் வடிவத்தில் கையொப்பக் கணக்குக்கு வெளியே விடப்பட்ட சில இடங்கள் உண்டு. அங்கே மட்டும் ஒரு சில பைட்டுகளை மாற்றினால் கையொப்பம் கெடாது, ஆனால் கோப்பின் அடையாள எண் மாறிவிடும். இப்படியே 2,500-க்கும் மேற்பட்ட மாறுவேடங்களைத் தயாரித்திருந்ததை 2025 பிப்ரவரியில் செக் பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. ஒவ்வொன்றின் கையொப்பமும் செல்லும்!

கையொப்பம் நல்லதாகவே இருந்து, கெட்டவர் யாரும் இல்லாமலேயே நாசம் நடக்கலாம் என்பதையும் பார்த்துவிட்டோம். 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் டிரைவர் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்றது, முறைப்படி சோதிக்கப்பட்டது. ஆனால் அது நாள்தோறும் வாசிக்கும் தகவல் கோப்புகளுக்கு அந்தச் சோதனை கிடையாது. அன்று வந்த கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. நிரல் கொடுத்ததோ 20. இல்லாத 21-ஆவதைத் தேடி நினைவகத்தின் எல்லையைத் தாண்டிப் படிக்கப் போய், 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தது அந்த நாளில்தான். லினக்ஸ் உலகமும் இதை 2020-இலேயே வேறு வடிவில் பார்த்தது. பூட்ஹோல் என்று பெயர் பெற்ற ஓட்டை. கணினி எழும்போது கெர்னலை ஏற்றும் க்ரப் என்ற பூட்லோடருக்குக் கையொப்பம் உண்டு. அது வாசிக்கும் அமைப்புக் கோப்புக்குக் கிடையாது. அந்தக் கோப்பில் நீளமான வரி ஒன்றைத் திணித்தே செக்யூர் பூட்டைத் தாண்ட முடிந்தது.

செக்யூர் பூட் என்று சொல்லிவிட்டேன். கெர்னல் தன் டிரைவர்களைச் சோதிக்கிறது, சரி; கெர்னலையே சோதிப்பது யார்? கணினியின் ஃபர்ம்வேர், கையொப்பம் உள்ள பூட்லோடரை மட்டும் ஓடவிடும் முறைதான் செக்யூர் பூட். அதை அணைத்துவிட்டால் மேலே உள்ள அத்தனை சோதனைகளும் அஸ்திவாரம் இல்லாமல் தொங்கும். 2023 மார்ச்சில் ஈசெட் விவரித்த பிளாக்லோட்டஸ், செக்யூர் பூட் இயங்கும் விண்டோஸ் 11-இலும் புகுந்தது. ரகசிய இணையச் சந்தைகளில் 5,000 டாலருக்கு விற்கப்பட்ட சரக்கு அது. அது பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜனவரியிலேயே திருத்தம் கொடுத்துவிட்டது. ஆனால் கையொப்பம் பெற்ற பழைய பூட்லோடர்கள் ரத்துப் பட்டியலில் ஏறவில்லை. அவர்கள் பழையதையே கொண்டுவந்தார்கள். டெல் டிரைவரில் பார்த்த அதே தந்திரம், ஒரு படி கீழே.

லினக்ஸ் பயனர்கள் தங்களுக்கு இதில் பங்கில்லை என்று நினைக்க வேண்டாம். 2019-இல் வந்த 5.4 கெர்னலில் லாக்டவுன் என்ற வசதி சேர்ந்தது. அது இயங்கும்போது ரூட் பயனரே ஆனாலும் கையொப்பமில்லாத மாட்யூலை (லினக்ஸில் டிரைவர்கள் வரும் வடிவம்) ஏற்ற முடியாது, கெர்னல் நினைவகத்தை நேரடியாகத் திருத்த முடியாது. உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றில் செக்யூர் பூட் இயங்கினால் இதுவும் தானாக இயங்கும். என்விடியா டிரைவர் ஏறவில்லை, விர்ச்சுவல்பாக்ஸ் ஓடவில்லை என்றதும் செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லும் யூடியூப் வீடியோக்கள் ஏராளம். அதைச் செய்தால் இரண்டும் ஒருசேர அணைந்துபோகும். அணைக்காமலே வழி உண்டு: உங்களுக்கென ஒரு சாவியை உருவாக்கி, மாட்யூலை அதனால் கையொப்பமிட்டு, மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் அந்தச் சாவியை ஏற்றுக்கொள்ளச் செய்வது. உபுண்டுவில் டிரைவரை நிறுவும்போதே அதற்கான கடவுச்சொல் கேட்கும். அந்தத் திரையைக் கண்டு பயந்து விலகாதீர்கள்.

இனி, இன்று மாலையே செய்ய வேண்டியவை. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசொலேஷன் போங்கள். மெமரி இன்டெக்ரிட்டி என்ற சுவிட்ச் இருக்கும். அது கையொப்பச் சோதனையைக் கெர்னலிடமிருந்தே பிரித்து, கெர்னலுக்கும் கீழே ஓடும் ஹைப்பர்வைசரின் காவலில் உள்ள தனி இடத்தில் வைக்கிறது. கெர்னல் நினைவகத்தில் எழுதக்கூடிய பக்கத்தில் நிரல் ஓடாது, நிரல் ஓடும் பக்கத்தில் எழுத முடியாது. ராபின்ஹுட் செய்த மாறி மாற்றும் தந்திரம் அதற்குப் பிறகு பலிக்காது. ஆனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரு நிரலைக் கொல் என்று சொன்னால் கொல்லும் வசதி ஓட்டை டிரைவரிலேயே இருந்தால், புது நிரல் எதையும் நுழைக்காமலே அதை வைத்து ஆன்டிவைரஸைக் கொன்றுவிடலாம். எம்எச்ஒய்பிராட்2 செய்தது அதைத்தான். அதற்குத்தான் அதே பக்கத்தில் கீழே மைக்ரோசாஃப்ட் வல்னரபிள் டிரைவர் பிளாக்லிஸ்ட் என்ற இன்னொரு சுவிட்ச். குறைகள் எல்லாவற்றோடும் சொல்கிறேன், இரண்டும் இயங்க வேண்டும். விண்டோஸ் 11-இன் 2022 அப்டேட் முதல் பிளாக்லிஸ்ட் தானாகவே இயங்குகிறது. ஆனால் கேம் வேகம் குறைகிறது என்று யாராவது அணைத்து வைத்திருக்கலாம்; வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

மெமரி இன்டெக்ரிட்டியை இயக்கும்போது பொருந்தாத டிரைவர்கள் என்று ஒரு பட்டியல் வந்தால், அந்தப் பட்டியலைப் படியுங்கள். எப்போதோ தூக்கிப் போட்ட வெப்கேமராவின் டிரைவரோ, விற்றுவிட்ட பிரிண்டரின் டிரைவரோ அதில் இருக்கும். நீக்கிவிடுங்கள். இன்டெலின் 7-ஆம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளில் கணினி கொஞ்சம் மெதுவாகும், உண்மை. பில்லிங்குக்கும் வங்கி வேலைக்கும் பயன்படும் கணினியில் அந்த மெதுவைப் பொறுத்துக்கொள்ளலாம்.

விசிறி வேகம், விளக்கு நிறம், வெப்பநிலை காட்டும் கருவிகளைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். இவற்றில் பல, வின்ரிங்0 என்ற பழைய திறமூல டிரைவரைச் சுமந்துகொண்டு வந்தவை. வன்பொருளை நேரடியாகத் தொட எந்த நிரலையும் அனுமதிக்கும் டிரைவர் அது. 2025 மார்ச்சில் விண்டோஸ் டிஃபெண்டர் இதைத் தடுக்கத் தொடங்கியதும், ஆன்டிவைரஸ் தவறாகப் பிடிக்கிறது, விலக்குப் பட்டியலில் சேருங்கள் என்று பலரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சேர்க்காதீர்கள். டிஃபெண்டர் சொன்னது சரிதான். புதிய டிரைவருக்கு மாறிய பதிப்பு வந்திருந்தால் அதற்குப் போங்கள். இல்லையென்றால் நிறம் மாறாமல் இருக்கட்டும்.

அடுத்தது கிராக். நம் ஊரில் அசெம்பிள் செய்து வாங்கும் கணினியில் ஆக்டிவேட்டர் போட்ட விண்டோஸும், கிராக் செய்த ஃபோட்டோஷாப்பும் சேர்ந்தே வருவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை நிறுவும் குறிப்பின் முதல் வரி, ஆன்டிவைரஸை அணை, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டு என்பது. இந்தக் கட்டுரையில் பார்த்த ஒவ்வொரு டிரைவர் தாக்குதலுக்கும் முன்நிபந்தனை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை. அதை நீங்களே எடுத்து நீட்டுகிறீர்கள். கேமில் ஏமாற்றி ஆட உதவும் நிரல்களும் அப்படியே. டிரைவர் கையொப்பச் சோதனையை அணைக்கச் சொல்லும் எந்தக் குறிப்பையும் பார்த்த மாத்திரத்தில் மூடிவிடுங்கள். தினசரி வேலைக்குச் சாதாரணப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. கடைக் கணினியில் இதை இன்றே செய்யலாம்.

அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு: புதிய சர்வீஸ் நிறுவப்படும்போது விண்டோஸின் சிஸ்டம் பதிவேட்டில் 7045 என்ற எண்ணில் குறிப்பு விழும். டிரைவர் ஏற்றமும் பெரும்பாலும் அங்கே தெரியும். நள்ளிரவில் ஒரு கணக்காளரின் கணினியில் மதர்போர்டு டிரைவர் நிறுவப்பட்டால் அது கேள்வி கேட்க வேண்டிய விஷயம். லால்டிரைவர்ஸ் என்ற திறந்த பட்டியலில் துஷ்பிரயோகத்துக்குள்ளான டிரைவர்களை ஆய்வாளர்கள் சேர்த்துவைத்திருக்கிறார்கள். உங்கள் கணினிகளில் உள்ளவற்றை அதோடு ஒப்பிடுங்கள். தடை செய்தவற்றை மட்டும் நிறுத்துவதைவிட, அனுமதித்த டிரைவர்களை மட்டும் ஏற்கும் விண்டோஸின் ஆப் கன்ட்ரோல் கொள்கைக்கு மாறுவது மேல். வேலை அதிகம்தான், ஆனால் மேற்சொன்ன மாறுவேடங்கள் அங்கே செல்லாது. தாக்குதல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இந்திய நிறுவனங்களுக்கு 2022 முதல் விதி.

கடைசியாக ஒரு தேதி. செக்யூர் பூட்டுக்கு அடிப்படையான மைக்ரோசாஃப்டின் 2011 சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குகின்றன. விண்டோஸ் பூட்லோடருக்கானது 2026 அக்டோபரில். அவற்றின் இடத்துக்கு 2023-இன் புதிய சான்றிதழ்கள் உங்கள் கணினியின் ஃபர்ம்வேருக்குள் வந்து சேரவேண்டும். வராவிட்டாலும் கணினி ஓடும். ஆனால் பிளாக்லோட்டஸ் போன்றவற்றைத் தடுக்கும் பூட்லோடர் திருத்தங்கள் அதற்குக் கிடைக்காது. தேடல் பெட்டியில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, செக்யூர் பூட் ஸ்டேட் என்ற வரியில் ஆன் என்று இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தால் ஓடவிடுங்கள். மதர்போர்டு அல்லது லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் புதிய பயாஸ் அப்டேட் இருந்தால் போடுங்கள். வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் இயங்கும் கணினி என்றால் பயாஸைத் தொடும் முன் அதன் ரெகவரி சாவியை எடுத்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முக்கியமான கோப்புகளின் நகல் ஒன்றை வெளி வட்டில் எடுத்து, வட்டைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிட்டு இவற்றைத் தொடங்குங்கள்.